கபடியா, பாக்ஸிங்கா, ஃபுட்பாலா, பளுதூக்குதலா? பிள்ளையின் தலையை வைத்து ஒரு கணக்கு

முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் வேலூர்ப் பக்கம் பல வீடுகளில் ஒரே பேச்சு ஓடும். பிள்ளையை எந்தப் பயிற்சி முகாமில் போடலாம்? அரசு நடத்தும் கோடைக்கால முகாம் ஒரு பக்கம். காலைப் பேப்பருக்குள்ளிருந்து விழும் கராத்தே, பாக்ஸிங், சிலம்ப வகுப்பு நோட்டீஸ்கள் இன்னொரு பக்கம். வீட்டுக்குப் பக்கமா, ஃபீஸ் எவ்வளவு, நாளைக்குச் சர்டிஃபிகேட் உதவுமா என்று பெற்றோர் பார்க்கிறார்கள். சர்டிஃபிகேட் ஆசையைக் கேலி செய்ய நான் வரவில்லை. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கும்போது அந்தக் காகிதம் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தலாம். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்: இந்த விளையாட்டில் வாரத்துக்கு எத்தனை தடவை என் பிள்ளையின் தலை அதிரும்?

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா இதை வேறு மாதிரி கேட்டாள். அவள் மகனுக்கு 12 வயது. “தம்பி, கபடின்னா மண்டை உடையும்னு மாமா பயப்படறாரு. பாக்ஸிங்ல தலைக்கு ஹெல்மெட் மாதிரி ஒண்ணு மாட்டிவிடறாங்களே, அது பரவாயில்லையா?”

நியாயமான சந்தேகம்தான், ஆனால் பதில் நேர் எதிர். அடிபட்டால் மண்டைக்குள் என்ன ஆகிறது என்று தெரிந்தால் ஏன் என்பது புரியும்.

டூவீலரில் பின்னால் உட்கார்ந்து மடியில் தயிர்க் குண்டானை வைத்துக்கொண்டு போகிறீர்கள். பள்ளத்தில் இறங்கித் தூக்கிப் போடுகிறது. குண்டான் அப்படியே இருக்கும், தயிர் உடைந்திருக்கும். டாக்டர்கள் கன்கஷன் என்று சொல்லும் மூளை அதிர்ச்சி ஏறத்தாழ இதுதான். தலைக்கவசம் காப்பாற்றுவது குண்டானை. மண்டையோட்டு முறிவு, வெட்டுக்காயம், காது கிழிவது இதெல்லாம் அதனால் குறையும். தலை சட்டென்று ஒரு பக்கம் திரும்பும்போது உள்ளே மூளை முறுகி இழுபடுவதை அதனால் பெரிதாகத் தடுக்க முடியாது.

இதே காரணத்தால்தான் மூளை அதிர்ச்சி சி.டி. ஸ்கேனில் தெரிவதில்லை. ‘ஸ்கேன் நார்மல்’ என்று கேட்டதும் பெற்றோர் பெருமூச்சு விட்டு, அடுத்த நாளே பையனைக் கிரவுண்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ரத்தக் கசிவு இல்லை, எலும்பு முறியவில்லை என்பதைத்தான் அந்த ஸ்கேன் சொன்னது. மூளை சரியாக இருக்கிறது என்று அது சொல்லவே இல்லை. மயக்கம் போட்டு விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்பதும் தப்பு. அடிபட்டவர்களில் பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் பட்டால் எரிச்சல், சொன்னதையே திரும்பச் சொல்வது, ராத்திரி தூக்கம் கெடுவது, காரணமில்லாத கோபம். இப்படித்தான் அது வரும்.

ஒரு தடவை அடிபட்டு, ஒழுங்காக ஓய்வு எடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு மாதத்துக்குள் தேறிவிடுவார்கள். கவலைப்பட வேண்டியது வருடக்கணக்கில் சேரும் அடிகளைப் பற்றி. மயக்கமும் வராது, தலைவலியும் வராது, பிள்ளையும் ‘ஒண்ணுமில்ல’ என்று எழுந்து ஆடும். அந்தச் சின்னச் சின்ன அதிர்வுகளும் கணக்கில் ஏறுகின்றன. டாவ் என்ற புரதம் மூளைக்குள் கட்டிகட்டியாகப் படிந்து, பல வருடம் கழித்து மறதி, எரிச்சல், மனச்சோர்வு, கடைசியில் புத்தித் தடுமாற்றம் என்று போகும் நோயைச் சி.டி.இ. என்கிறார்கள். அந்த ஆள் இறந்தபின் மூளையைச் சோதித்தால்தான் இதை உறுதி செய்ய முடியும்.

குத்துச்சண்டைக்காரர்களிடம் இதைக் கவனித்து ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியது 1928-ல். அப்புறம் ரொம்ப காலம் இது பாக்ஸர்களின் நோய் என்றே எல்லாரும் இருந்துவிட்டார்கள். 2002-ல் மைக் வெப்ஸ்டர் என்ற ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ வீரர் 50 வயதில் இறந்தார். நம் ஃபுட்பால் இல்லை இது, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி மோதும் ஆட்டம். பென்னட் ஒமாலு என்ற மருத்துவர் அவர் மூளையைப் பரிசோதித்து அதே நோயைக் கண்டு 2005-ல் வெளியிட்டார். ஹெல்மெட் போட்டு ஆடும் ஆட்டம் அது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2017-ல் வந்த ஒரு ஆய்வில், தானமாகக் கிடைத்த 111 முன்னாள் தொழில்முறை வீரர்களின் மூளைகளில் 110-ல் சி.டி.இ. இருந்தது. இந்த எண்ணைப் பார்த்து அலற வேண்டாம். அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்கள்தான் பெரும்பாலும் தானம் செய்ய முன்வந்தார்கள், அதனால் எல்லா வீரர்களுக்கும் இதே கதி என்று கொள்ள முடியாது. 2019-ல் வந்த இன்னொரு ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அந்த ஆட்டத்தைக் கூடுதலாக ஆடும் ஒவ்வொரு வருடத்துக்கும் சி.டி.இ. வாய்ப்பு 30 சதவீதம் ஏறுகிறது.

அமெரிக்காக்காரன் எண்ணை அப்படியே எங்கள் பக்கத்து அணைக்கட்டு ஊர் மண் கிரவுண்டுக்குப் பொருத்த முடியாது, சரிதான். ஆனால் கணக்குப் போடும் முறையை எடுத்துக்கொள்ளலாம். எத்தனை அடி, எத்தனை வருடம், எந்த வயதில் ஆரம்பம். 12 வயதுப் பிள்ளைக்கு உடம்போடு பார்த்தால் தலை கனம், கழுத்துத் தசை பலவீனம். அதே இடி அவனுக்குப் பெரிதாகவே விழும்.

இந்தக் கணக்கில் பாக்ஸிங்தான் கடைசி இடம். பெரும்பாலான விளையாட்டில் தலையில் அடிபட்டால் விபத்து, இங்கே புள்ளி. போட்டியாவது மூன்று ரவுண்டில் முடிந்துவிடும். வாரம் முழுக்க நடக்கும் ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், எத்தனை குத்து வாங்கினான் என்று யாரும் எண்ணுவதில்லை. 1969-ல் பிரிட்டனில் 224 முன்னாள் தொழில்முறை குத்துச்சண்டை வீரர்களைப் பரிசோதித்தார்கள். 17 சதவீதம் பேருக்கு அந்தத் தொழிலால் வந்த மூளைப் பாதிப்பு தெரிந்தது. பள்ளிப் பிள்ளை அத்தனை சண்டை போடப் போவதில்லைதான். ஆனாலும் அமெரிக்க, கனடா குழந்தைநல மருத்துவர் சங்கங்கள் 2011-ல் சேர்ந்தே சொன்னது, 18 வயதுக்குள் இருப்பவர்களுக்குக் குத்துச்சண்டையே வேண்டாம் என்று. தலைக்கவசம் விஷயம் அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது. சர்வதேச அமைப்பே 2013-ல் ஆண்கள் உயர்மட்டப் போட்டியிலிருந்து அதை எடுத்துவிட்டது, 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறும் தலையோடுதான் மோதினார்கள். எடுத்தது சரியா என்ற வாதம் இன்னும் ஓடுகிறது, ஆனால் அதை மாட்டிவிட்டால் மூளைக்கு ஆபத்தில்லை என்று நம்பிவிட முடியாது.

அதற்காகப் பாக்ஸிங் கிளாஸையே மூடச் சொல்ல மாட்டேன். ஸ்கிப்பிங், கால் நகர்த்தும் பயிற்சி, மூட்டையைக் குத்துவது, கோச் கையில் பிடித்திருக்கும் பேடில் குத்துவது, இதெல்லாம் பிள்ளைக்கு நல்ல உடற்பயிற்சி. ஒழுங்கும் வரும். ‘18 வயசு வரைக்கும் ஸ்பாரிங் வேண்டாம் சார், மற்றது எல்லாம் சொல்லிக்கொடுங்க’ என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளும் இடம் என்றால் சேர்க்கலாம். ‘அடி வாங்கினாத்தான் தைரியம் வரும்’ என்று சிரிக்கும் இடம் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

டேக்வாண்டோவும் தொட்டு மோதும் கராத்தேவும் ஆபத்தில் பாக்ஸிங்கைவிட ஒரு படி குறைவு. டேக்வாண்டோவில் உடம்பில் உதை விட்டால் 2 புள்ளி, தலையில் விட்டால் 3. ஆட்ட விதியே பிள்ளையை எங்கே குறிவைக்கச் சொல்கிறது பாருங்கள். தனியாகச் செய்து காட்டும் கட்டா, பூம்சே பிரிவுகளில் இந்தத் தொல்லை கிடையாது. சிலம்பமும் அப்படித்தான். ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு வீச்சு என்றால் தாராளமாக அனுப்பலாம். எதிரில் நிற்பவனைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறை என்றால் தலைக்கவசம் இல்லாமல் இறக்கக் கூடாது. கம்பு அடியில் மண்டையும் கண்ணும்தான் முதலில் போகும், அதற்குக் கவசம் நிச்சயமாக உதவும்.

சரி, கபடிக்கு வருவோம். நம் பக்கம் பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கும். பொங்கல் முடிந்தாலும் ஆடி மாதம் கூழ் ஊற்றினாலும் ஊருக்கு ஊர் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். முதல் பரிசு ரொக்கம், கூடவே ஆளுயரக் கோப்பை. பள்ளியிலும் குறுவட்டப் போட்டியிலிருந்து மாநிலம் வரை ஏறிப் போக வழி இருக்கும் ஆட்டம். 2014-ல் ப்ரோ கபடி லீக் வந்தபிறகு கபடி ஆடிச் சம்பாதிக்கலாம் என்ற நம்பிக்கையும் வந்திருக்கிறது. கபடியில் அதிகம் போவது முழங்கால் ஜவ்வும் கணுக்காலும் தோளும்தான், தலை அல்ல. அதனால் பாக்ஸிங்கோடு இதை ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் தலை அடிபடும் இடங்கள் எவை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கார்னரில் நிற்பவன், பாடி வரும் ரெய்டரின் கணுக்காலைப் பிடிக்கக் குனிந்து பாய்கிறான். அந்த நொடியில் அவன் தலையும் ரெய்டரின் முழங்காலும் ஒரே உயரம். ரெய்டர் காலை உதறினால் முழங்கால் நேராகப் பொட்டில் இடிக்கும். மாமா பயப்படுவது பாடிப் போகும் பையனை நினைத்து, ஆனால் தலையில் வாங்கும் ஆபத்து பிடிக்கப் போகிறவனுக்குத்தான் கூடுதல். ரக்பியிலும் ஆய்வுகள் சொல்வது இதையே. நல்ல கோச் முதலில் சொல்லிக்கொடுப்பது தலையை எங்கே வைப்பது என்பதைத்தான்: கண் திறந்திருக்க வேண்டும், தலை ரெய்டரின் காலுக்கு வெளிப்பக்கம் போக வேண்டும், முன்பக்கம் போகவே கூடாது. நீங்கள் ஒரு நாள் சாயங்காலம் ஓரமாக நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையால் பாய்கிறார்களா, கோச் அதற்கு விசில் ஊதித் திருத்துகிறாரா, இல்லை ‘சூப்பர் கேட்ச்’ என்று கை தட்டுகிறாரா?

அடுத்தது இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பாயும் இரண்டு பேரின் தலையும் தலையும் மோதிக்கொள்வது. இன்னொன்று டேஷ். ரெய்டரை இடித்துக் கோட்டுக்கு வெளியே தள்ளும்போது அவன் மல்லாந்து விழுந்து பின்மண்டை தரையில் படும். மேட் என்றால் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மே மாத வெயிலில் காய்ந்து கிடக்கும் நம் மண் தரை சிமெண்ட் மாதிரிதான் இருக்கும். கிராமத்துப் போட்டியில் கோட்டை ஒட்டியே பிளாஸ்டிக் சேர், டியூப்லைட் கட்டிய கம்பம், வேடிக்கை பார்க்கும் கூட்டம். நான் பார்த்த ஒரு போட்டியில் கோட்டிலிருந்து இரண்டு எட்டில் சவுண்டு பாக்ஸ் வைத்திருந்தார்கள்.

கபடிக்கென்றே ஒரு கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் உண்டு. அவுட் ஆனவன் வெளியே போய் வரிசையில் உட்காருவான், எதிரணியில் ஒருத்தர் அவுட் ஆனதும் முதலில் போனவன் முதலில் உள்ளே வருவான். தலையில் அடி வாங்கி அவுட் ஆன பையனும் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருப்பான். ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்ததால் தேறிவிட்டான் என்று எல்லாரும் நினைத்துக்கொள்ள, ரிவைவல் கிடைத்ததும் அவனாகவே எழுந்து ஓடிவிடுவான். இத்தனைக்கும் கபடியில் ஏழு பேர் ஆடினால் வெளியே ஐந்து பேர் மாற்று ஆட்டக்காரர்கள் இருக்கலாம். ஒருவனை எடுத்துவிட்டு இன்னொருவனை இறக்க விதியில் இடம் இருக்கிறது, எடுக்கத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை.

மின்னொளிப் போட்டி இதையெல்லாம் விட மோசம். நாக் அவுட் முறையில் சாயங்காலம் ஆரம்பித்து விடியும் வரை போகும். பத்து மணிக்கு முதல் ஆட்டத்தில் அடிபட்டவன் தூக்கமில்லாமல், பரோட்டா தின்றுவிட்டு, இரண்டு மணிக்கு அடுத்த ஆட்டம் இறங்குவான். முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் அடுத்த அடி விழுந்தால் மூளை திடீரென்று வீங்கி உயிரே போகலாம். அபூர்வம்தான், ஆனால் போவது பெரும்பாலும் சின்ன வயதுக்காரர்களின் உயிர். 2011-ல் வட அயர்லாந்தில் பள்ளி ரக்பி ஆட்டத்தில் அடிபட்ட 14 வயதுப் பையன் தொடர்ந்து ஆடினான், அதே ஆட்டத்தில் மறுபடி அடிபட்டான், இறந்துபோனான். மரண விசாரணை இதைத்தான் காரணமாகச் சொன்னது. அதோடு ஊர்ப் போட்டிகளில் எடைப் பிரிவை யார் பார்க்கிறார்கள்? 40 கிலோ பையனை 70 கிலோ அண்ணன் வந்து இடிப்பான். பள்ளிப் போட்டியில் வயதாவது பார்த்துப் பிரிப்பார்கள்.

ஆகவே ‘கபடி’ என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு ஆட்டங்கள் இருக்கின்றன. மேட்டில், சம வயதுக்காரர்களோடு, தலை வைக்கும் இடத்தைச் சொல்லித்தரும் கோச்சிடம் ஆடும் கபடியை நான் 12 வயதுக்குத் தயங்காமல் சொல்வேன். ராத்திரி டோர்னமெண்டுக்கு 18 ஆகட்டும்.

ஃபுட்பால் இடையில் வருகிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 7,676 முன்னாள் ஸ்காட்லாந்து தொழில்முறை வீரர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டு 2019-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மூளை தேயும் நோய்களால் இறப்பது அவர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு. இதய நோயால் இறப்பது பொதுமக்களைவிடக் குறைவு என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மை ஆகிவிடும். அடுத்து வந்த அலசலில் தலையால் அதிகம் முட்டும் டிஃபெண்டர்களுக்கு ஆபத்து அதிகம், கோல்கீப்பர்களுக்குக் குறைவு என்று தெரிந்தது. அமெரிக்காவில் 10 வயதுக்குள் ஹெட்டிங்கையே தடை செய்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் 2020-லிருந்து 12 வயதுக்குள் பயிற்சியில் ஹெட்டிங் இல்லை. இது தடுக்கக் கூடிய ஆபத்து என்பதுதான் ஃபுட்பாலின் பெரிய வசதி. பாக்ஸிங்கில் தலையைத் தவிர்த்தால் ஆட்டமே இல்லை. ஃபுட்பாலில் 13, 14 வயது வரை ஹெட்டிங் இல்லாமலே பாஸும் டிரிப்ளிங்கும் கற்றுக்கொண்டால் பிள்ளை ஒன்றையும் இழப்பதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு நாலாம் சைஸ் பந்து போதும், அஞ்சாம் சைஸைக் கல் மாதிரி காற்றடித்து முட்டவிடுகிறார்களா என்று பாருங்கள். இன்னொன்று, நகர்த்தக் கூடிய இரும்பு கோல் போஸ்ட்டைத் தரையோடு பிணைத்திருக்கிறார்களா? அதில் தொங்கி விளையாடி, அது தலையில் சாய்ந்து இறந்த குழந்தைகள் பல நாடுகளில் உண்டு.

கிரிக்கெட் பற்றி இரண்டே வரி. பாலாற்று மணலில் டென்னிஸ் பாலில் ஆடட்டும், கவலையில்லை. தையல் பந்து என்றால் நெட் பயிற்சியிலும் ஹெல்மெட். 1998-ல் டாக்காவில் இந்திய வீரர் ரமன் லாம்பா ஹெல்மெட் இல்லாமல் பேட்ஸ்மேனுக்கு மிகப் பக்கத்தில், ஷார்ட் லெக்கில் நின்று அடிபட்டு இறந்தார்.

எங்கள் ஊர்ப் பெருமை என்று நினைத்தாலும் சரி, பளுதூக்குதலைத்தான் தலைக் கணக்கில் முதலில் வைப்பேன். சத்துவாச்சாரியிலிருந்து போன சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினார், இரண்டும் 77 கிலோ பிரிவில். அந்தத் தெருக்களில் பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன, சொல்லித்தர அனுபவஸ்தர்கள் இருக்கிறார்கள், வேறு மாவட்டத்துக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி. யாரும் யாரையும் மோதுவதில்லை. முதுகும் மணிக்கட்டும் முழங்காலும் வலிக்கும், அதற்குப் பொறுமையாக வெறும் கம்பியில் ஆரம்பித்துச் சொல்லித்தருபவர் வேண்டும். ‘வெயிட் தூக்கினா உயரம் நின்னுடும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஒரே சிக்கல், பல பிள்ளைகளுக்கு அது போரடிக்கும். நாலு பேரோடு ஓடியாடிக் கத்த வேண்டும் என்று துடிக்கிற பையனைக் கொண்டுபோய்க் கம்பியின் முன்னால் நிறுத்தினால் மூன்றாம் வாரம் வயிற்றுவலி என்பான். பிடிக்காத பாதுகாப்பான விளையாட்டைவிட, பிடித்த விளையாட்டைப் பாதுகாப்பாக ஆடுவது நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கட்சி.

அக்காவுக்கும் அதைத்தான் சொன்னேன். பையனுக்குக் கபடி மேல்தான் ஆசை, பள்ளியில் மேட் இருக்கிறது, பி.டி. சார் கண்டிப்பானவர். அதனால் கபடியே. ஆடும்போது ஆகும் ஆபத்தைவிட, மாமா அவனை ஹெல்மெட் இல்லாமல் வண்டியின் பின்னால் வைத்துக் காட்பாடி ரோட்டில் ஓட்டுவதில் இருக்கும் ஆபத்து பெரிது என்றும் சொன்னேன். நாலு வயதுக்கு மேல் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. தை மாதம் மாடு விடும் விழாவில் வேலிக்கு உள்ளே போய் நின்று மண்டை உடைத்துக்கொள்பவர்களைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெண் பிள்ளையாக இருந்தாலும் இதே பதில்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஒரே விளையாட்டில் பெண்களுக்கு மூளை அதிர்ச்சி அதிகம் வருகிறது, தேறவும் நாளாகிறது என்று ஆய்வுகள் சொல்வதால் ஓய்வு விஷயத்தில் இன்னும் கறாராக இருக்கச் சொல்லியிருப்பேன்.

எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் அடிபட்ட பிறகு எடுக்கும் முடிவு ஒன்று இருக்கிறது. கிரவுண்டில் வழக்கமாக நடப்பது: முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், ஒரு கோலி சோடா உடைப்பார்கள், ‘இது எத்தனை விரல்?’ என்பார்கள், அனுப்பிவிடுவார்கள். விரலை மூளை அதிர்ச்சி பட்டவனும் சரியாகவே எண்ணுவான். கேட்க வேண்டியது வேறு: ‘எந்த ஊர் டீமோட ஆடுறோம்? கடைசியா யார் பாடிப் போனது? இது ஃபர்ஸ்ட் ஆஃபா, செகண்ட் ஆஃபா? போன மேட்ச் ஜெயிச்சோமா?’ ஒன்றில் தடுமாறினாலும், ஸ்கோரை இரண்டாவது தடவை கேட்டாலும், தள்ளாடினாலும் அன்றைக்கு அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு ‘தலை ஒரு மாதிரி இருக்கு’ என்றாலும் அவ்வளவுதான்.

அப்புறம் எத்தனை நாள்? ‘ரெண்டு நாள் ரெஸ்ட்’, ‘ஒரு வாரம் போதும்’, ‘ஆறு மாசம் கிரவுண்டு பக்கமே போகாதே’ என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சர்வதேச நிபுணர் குழு 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடி முடிவு செய்தது இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, இருட்டறையில் படுக்க வைப்பது அல்ல, வீட்டுக்குள் நடமாடலாம், மொபைலைக் குறைக்க வேண்டும். பிறகு மெதுவான நடை, லேசான ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி என்று படிப்படியாக, ஒரு படிக்கு ஒரு நாளாவது. அறிகுறி கூடினால் ஒரு படி இறங்க வேண்டும். மோதல் உள்ள பயிற்சிக்கு முன்னால் டாக்டர் ஒப்புதல். பிரிட்டனில் 2023-ல் உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டியில் 21 நாளுக்கு முன்னால் போட்டியே கூடாது என்று வைத்தார்கள். நம் ஊருக்கும் நான் அதையே சொல்வேன், எண்ணுவதற்கு எளிது, கோச்சிடம் பேரம் பேசவும் வசதி. கிரவுண்டுக்கு முன்னால் பள்ளி. பாடத்தில் மனசு நிற்காமல் தலை வலிக்கிறவனைப் பத்தாம் வகுப்பு ரிவிஷன் டெஸ்டுக்கு உட்காரவைத்து, மார்க் குறைந்ததென்று திட்டுவதும் நடக்கிறது. ஒரே சீசனில் இரண்டாவது தடவை அடிபட்டால், அல்லது முதல் தடவையைவிட லேசான இடிக்கே அறிகுறி வந்தால், அந்த சீசன் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது என்றால் மோதல் இல்லாத விளையாட்டுக்கு மாறுவதைப் பற்றி நரம்பியல் டாக்டரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகள் தனி. திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்பினால் எழ முடியாத மயக்கத் தூக்கம், கை கால் ஒரு பக்கம் மரப்பது, பார்வை இரண்டாகத் தெரிவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் அல்லது ரத்தம். இதில் ஒன்று இருந்தாலும் 108. கழுத்து வலி சொன்னால் ஆளைத் தூக்கிப் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகவே கூடாது. ஜேக்கப் சாண்டி 1949-ல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியது வேலூர் சி.எம்.சி.யில்தான். இப்போது அவர்களுடைய விபத்து சிகிச்சை மையம் ராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எது பக்கமோ அங்கே போங்கள். எத்தனை மணிக்கு அடிபட்டது, நினைவு தப்பியதா, எத்தனை தடவை வாந்தி, என்ன மாத்திரை கொடுத்தீர்கள், இதற்கு முன்னால் எப்போது அடிபட்டது என்பதை மொபைலில் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். இப்போது எல்லா ஊர்ப் போட்டியையும் யாராவது யூடியூபில் லைவ் போடுகிறார்கள். அடிபட்ட அந்த நிமிஷ வீடியோ கிடைத்தால் அதையும் வாங்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.